ஈ.பி.எப். பணம் கைக்கு வந்த பிறகு

(தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா மண்டபத்தில், ஓய்வு பெறப் போகும் தொழிலாளர்களுக்காகவும் அவர்கள் குடும்பத்தாருக்காகவும் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது.)



மழை இருட்டிக்கொண்டு வருகிறது. மேல் டிவிசனில் இருந்து வந்தவர்கள் பொழுது சாயும் முன்னே ஏற வேண்டும். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் மைக்கைப் பிடித்தால் ஒன்றில் குடியைப் பற்றிப் பேசுவேன், இல்லாவிட்டால் மலசலகூடத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். இன்றைக்கு அது இரண்டும் இல்லை. காசைப் பற்றிப் பேசப் போகிறேன்.

உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு ரூபாவாவது ஊழியர் சேமலாப நிதிக்குப் பிடிக்கிறார்கள். அதற்கு மேலே கம்பனி நூற்றுக்கு பன்னிரண்டு போட வேண்டும். ஈ.டி.எப். என்று இன்னொரு மூன்று இருக்கிறது, அதுவும் கம்பனியின் கணக்கில்தான். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்தப் பணத்தை எடுக்கலாம். முப்பது வருசம் கூடையைச் சுமந்தவருக்கு, வாழ்க்கையிலேயே ஒரே தடவையாகக் கையில் வருகிற பெரிய தொகை இதுதான். அதற்கு முன்னும் அப்படி வந்தது இல்லை, பின்னும் வரப் போவது இல்லை. அந்தப் பணம் வங்கியில் விழுந்த கிழமையே அதைத் தேடிக்கொண்டு லயத்துக்கு ஆள் வருகிறது. யாருக்கு எப்போது பணம் வருகிறது என்று அவர்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ, எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நமது பக்கத்து ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறேன். "பேரைச் சொல்லாம சொல்லுங்கய்யா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று அவரே சொன்னார்.

அந்த அக்கா 2021இல் பேர் நிறுத்தினார். ஈ.பி.எப்., சேவைக்காலப் பணம் எல்லாம் சேர்த்து ஒன்பது இலட்சத்துக்குக் கொஞ்சம் கூட வந்தது. மகளுக்கு நகை மீட்டு, வீட்டுக் கூரைக்குத் தகரம் போட்டு, மிச்சம் ஆறு இலட்சம். அதை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் அந்த நேரம் இருந்த வட்டிக்கு மாசம் மூவாயிரம் அளவில்தான் கிடைக்கும். அப்போதுதான் ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். நமது ஆள்தான், தமிழ்ப் பிள்ளை, கீழ்த் தோட்டத்தில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். "அக்கா, வங்கியில போட்டா பூனைக்குப் பால் வாங்கத்தான் காணும். எங்க கம்பனியில நூத்துக்கு நாலு. வருசத்துக்கு இல்ல, மாசத்துக்கு நாலு" என்றார். ஆறு இலட்சத்துக்கு மாசம் இருபத்து நாலாயிரம்.

அக்கா விவரம் இல்லாதவர் இல்லை. சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை. அந்தத் தம்பி கொடுத்த தாள்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, நீங்க படிச்சவங்க, இதப் பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் பார்த்தேன். கம்பனிப் பதிவாளர் கொடுத்த சான்றிதழ். அரசாங்க முத்திரை, பதிவு இலக்கம், ஒப்பம் எல்லாம் இருந்தன. "அரசாங்கம் பதிஞ்ச கம்பனிதான் அக்கா" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் ஒக்டோபர் மாசம் பணத்தைக் கட்டினார்.

நவம்பரில் இருந்து 2022 மே வரை ஏழு மாசம் வட்டி சுணங்காமல் வந்தது. ஜூனில் வரவில்லை. போன் எடுத்தால் "பெற்றோல் இல்லக்கா, வர ஏலாது" என்றார் தம்பி. அந்த நேரம் நாடே பெற்றோல் வரிசையில் நின்றது, அதனால் நாங்களும் நம்பினோம். ஜூலையில் போனும் இல்லை. நான் பஸ் பிடித்து டவுனுக்குப் போய்ப் பார்த்தேன். மாடியில் இருந்த காரியாலயம் பூட்டு. கீழே கடைக்காரர் சொன்னார், "உங்களுக்கு முன்னே இருபது முப்பது பேர் வந்துட்டுப் போயிட்டாங்க."

கணக்கைப் பாருங்கள். ஏழு மாசத்தில் அக்காவுக்கு வந்தது 168,000 ரூபா. அவர் அதை வட்டி என்று நினைத்துச் செலவழித்தார். அது வட்டி இல்லை. அவருடைய ஆறு இலட்சத்தில் இருந்தோ, அவருக்குப் பின்னால் கட்டியவருடைய பணத்தில் இருந்தோ கிள்ளிக் கொடுத்தது. போனது 432,000. பொலிசில் முறைப்பாடு இருக்கிறது. இன்றைக்கும் அவர் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறார். காலையில் அவர் கூடையோடு போவதைப் பார்க்கும்போதெல்லாம், "அரசாங்கம் பதிஞ்ச கம்பனிதான்" என்று நான் சொன்னது காதில் கேட்கிறது.

அதற்குப் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டேன். முன்னமே செய்திருக்க வேண்டிய வேலை.

நான் செய்த பிழை இதுதான். கம்பனியைப் பதிவது வேறு, வைப்புப் பணம் வாங்க அனுமதி பெறுவது வேறு. கம்பனிப் பதிவாளரிடம் யாரும் பாரம் நிரப்பிக் கட்டணம் கட்டி ஒரு கம்பனியைப் பதியலாம். முட்டை விற்கவும் பதியலாம், பஸ் ஓட்டவும் பதியலாம். அந்தச் சான்றிதழ் சொல்வது இப்படி ஒரு கம்பனி இருக்கிறது என்பதை மட்டும்தான். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுப்பது மாதிரி. பிறப்புச் சான்றிதழைக் காட்டி யாராவது லொறி ஓட்டினால் விடுவார்களா? அதற்கு லைசன்ஸ் வேண்டும். பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்குகிற லைசன்ஸைக் கொடுப்பது இலங்கை மத்திய வங்கி. 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித் தொழில் சட்டம் இதைச் சொல்கிறது. அந்த அனுமதி இல்லாமல் வைப்பு வாங்குவது குற்றம். பெயர்ப் பலகையில் 'பினான்ஸ்' என்ற சொல்லைக்கூட மத்திய வங்கியின் சம்மதம் இல்லாமல் போடக் கூடாது. அக்கா பணம் கட்டிய இடத்தின் பலகையில் அந்தச் சொல் இல்லை. வேறு அழகான சொற்கள் எல்லாம் இருந்தன. அது ஏன் இல்லை என்று எனக்கு அன்று கேட்கத் தெரியவில்லை.

அனுமதி கொடுத்து அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு கம்பனியுடையது, நிறுப்பவரும் கம்பனி ஆள். ஆனால் அந்தத் தராசுக்கு வெளியே இருந்து அரசாங்கத்து ஆள் வந்து பார்த்து முத்திரை குத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நிறுக்கிறவரே தன் தராசு சரி என்று சொன்னால் காணாது. காசு விஷயத்திலும் அப்படித்தான். நிதிக் கம்பனி தனியாருடையது, அதன் இலாபமும் தனியாருக்குத்தான். ஆனால் அது புழங்குகிற பணத்தில் பெரும் பங்கு உங்களுடையது. அதனால் மத்திய வங்கி சில நிபந்தனைகளைப் போடுகிறது. முதலாளிமாரின் சொந்த மூலதனமாக 250 கோடி ரூபாவாவது இருக்க வேண்டும். வந்த வைப்பு முழுவதையும் கடனாகக் கொடுத்துவிடக் கூடாது, கேட்பவருக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு பங்கை உடனே காசாக்கக் கூடிய விதத்தில் வைத்திருக்க வேண்டும். கணக்குகளை ஒழுங்காக அனுப்ப வேண்டும். பரிசோதகர்கள் வந்தால் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும். மாடியில் ஒரு அறை, ஒரு மேசை, ஒரு கலண்டர் வைத்திருக்கிற கம்பனிக்கு இது எதுவும் கிடையாது.

இது ஏட்டுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2008 டிசெம்பரில் நடந்ததைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செலிங்கோ என்று பெரிய கம்பனிக் கூட்டம். அதில் கோல்டன் கீ என்று ஒரு கடனட்டைக் கம்பனி இருந்தது. வைப்பு வாங்க அதற்கு அனுமதி இல்லை. ஆனாலும் வங்கியைவிடக் கூடிய வட்டி சொல்லி ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் வாங்கியது. அது விழுந்தபோது கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 2,600 கோடி ரூபா. பணம் போட்டவர்கள் எங்களைப் போல லயத்து ஆட்கள் இல்லை. டாக்டர்மார், வெளிநாட்டில் உழைத்தவர்கள், ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்கள். படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள். நீதிமன்றமும் தெருவுமாக வருசக்கணக்காக அலைந்தார்கள்.

அதே கம்பனிக் கூட்டத்தோடு சேர்ந்திருந்ததுதான் செலான் வங்கி. கோல்டன் கீ விழுந்த செய்தியைக் கேட்டதும் சனம் பயந்துபோய் அந்த வங்கியின் வாசலில் வரிசை பிடித்தது. அது அனுமதி பெற்ற வங்கி. அந்த மாசமே மத்திய வங்கி நடுவே புகுந்து, நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. வங்கி மூடப்படவில்லை, இன்றைக்கும் நடக்கிறது. ஒரே கூட்டத்துக் கம்பனிகள், ஒரே மாசம். ஒன்றுக்கு அனுமதி இருந்தது, மற்றதுக்கு இல்லை.

அதே 2008இல்தான், ஆங்கிலப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பேர் எடுத்த ஒருவர், அனுமதி இல்லாமல் வைப்பு வாங்கி, பணத்தோடு தலைமறைவானார். முகம் எல்லோருக்கும் தெரிந்த முகம். விளம்பரத்தில் தினமும் பார்த்த முகத்தை எப்படிச் சந்தேகப்படுவது?

சரி, அனுமதி இருந்தால் பயமே இல்லையா? அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் இரண்டாவது தடவையும் உங்களைப் பிழையாக நடத்தினவனாவேன். அனுமதி பெற்றதும் விழும். 2002இல் பிரமுக வங்கி என்று ஒரு வங்கியை மத்திய வங்கியே மூடியது. ஈ.டி.ஐ. பினான்ஸ் என்ற கம்பனியின் வேலைகளுக்கு 2018 ஜனவரியில் கட்டுப்பாடு போட்டார்கள், 2020 ஜூலையில் நிறுத்தியே வைத்தார்கள். த பினான்ஸ் கம்பனி 1940இல் தொடங்கிய பழைய கம்பனி. 'தாத்தா காலத்துக் கம்பனி' என்று நம்பிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். 2020 மே மாசம் அதன் அனுமதி இரத்தானது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும். த பினான்ஸ் கம்பனிக்கு நோய் 2008இலேயே வந்துவிட்டது. அதுவும் அந்தச் செலிங்கோ கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அனுமதியை இரத்துச் செய்ய பன்னிரண்டு வருசம் பிடித்தது. அந்தக் காலத்திலும் புதிது புதிதாக மனிதர்கள் அங்கே போய் வைப்புப் போட்டார்கள். உடனே மூடினால் பீதி வரும், காப்பாற்றிப் பார்ப்போம் என்று மேலே இருப்பவர்கள் நினைத்திருக்கலாம். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் காப்பாற்றிப் பார்த்த காலத்தின் செலவை ஏற்றது யார்? சட்டங்களின் வரலாறும் அப்படித்தான். 1980களில் நிதிக் கம்பனிகள் விழுந்தன, 1988இல் சட்டம் வந்தது. 2008இல் விழுந்தன, 2011இல் இப்போதைய சட்டம் வந்தது. மண்சரிவு வந்த பிறகு மதில் கட்டுகிற கதை நமக்குப் புதிதா?

ஆனாலும் விழுந்ததால் கிடைத்த ஒரு நல்ல காரியம் இருக்கிறது. அதுதான் வைப்புக் காப்புறுதி. இதை நன்றாகக் கேளுங்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

2010இல் மத்திய வங்கி இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அனுமதி பெற்ற எல்லா வங்கியும் எல்லா நிதிக் கம்பனியும் கட்டாயம் இதில் சேர வேண்டும். அவர்கள்தான் இதற்குக் கட்டுப்பணம் கட்டுகிறார்கள், உங்களிடம் தனியாக ஒரு சதமும் கேட்கக் கூடாது. அந்த நிறுவனம் மூடப்பட்டால், ஒரு நிறுவனத்தில் ஒரு ஆளுக்கு ஒரு எல்லை வரை பணம் கிடைக்கும். முதலில் அந்த எல்லை இரண்டு இலட்சம். பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். த பினான்ஸ் கம்பனி மூடியபோது ஆறு இலட்சமாக இருந்தது. 2021இல் பதினொரு இலட்சமாக்கினார்கள்.

2021. அக்கா பணம் கட்டிய அதே வருசம். அவர் அந்த ஆறு இலட்சத்தை அனுமதி பெற்ற எந்த நிதிக் கம்பனியில் போட்டிருந்தாலும், அது அடுத்த நாளே விழுந்திருந்தாலும், முழுத் தொகையும் அந்த எல்லைக்குள் அடங்கியிருக்கும். அலைச்சல் இருந்திருக்கும், மாசக்கணக்கில் சுணங்கியிருக்கும், ஆனால் வந்திருக்கும். இந்த ஒரு விஷயம் எனக்கு அன்று தெரிந்திருந்தால்!

கோடிக்கணக்கில் போட்டவர்களுக்கு ஏன் முழுதும் கொடுப்பதில்லை என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் அரசாங்கம் பொறுப்பேற்றால் எந்தக் கம்பனி எப்படிக் கடன் கொடுக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள், கூடிய வட்டிக்கே எல்லோரும் ஓடுவார்கள், நட்டம் வந்தால் தேங்காயும் பருப்பும் வாங்குகிற நம் வரியில் கை வைப்பார்கள். எல்லை இருப்பது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பதினொரு இலட்சத்துக்கு 2021இல் இருந்த பெறுமதி இப்போது இல்லை. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருசத்துக்கு முன் இருந்ததைவிட 70 வீதத்தை ஒட்டி ஏறியிருந்தது, ஞாபகம் இருக்கும்.

இன்னுமொரு பொறி இருக்கிறது. அனுமதி பெற்ற கம்பனிக்கே போனாலும், நீங்கள் ஒப்பம் வைக்கிற தாள் 'வைப்பு' என்று இருக்க வேண்டும். பங்கு, தொகுதிக் கடன் என்று வேறு தாள்களும் இருக்கின்றன. 'டிபென்சர்' என்பார்கள். கூடிய வட்டி என்று சொல்லி அதில் சேர்க்கப் பார்ப்பார்கள். அது களவு இல்லை, அதுவும் சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் அதற்கு இந்தக் காப்புறுதி கிடையாது. தாள் இங்கிலீசில் இருந்தால், "தமிழில் தாங்க, வாசிச்சிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. "இன்றைக்கே கட்டினாத்தான் இந்த வட்டி" என்று அவசரப்படுத்தினால் அன்றைக்குக் கட்டவே வேண்டாம்.

பெயர் விஷயம். நமது ஆட்களுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், ஈ.பி.எப். புத்தகத்தில் இன்னொரு பெயர். 'முத்தம்மா' ஒரு இடத்தில் 'முத்தாயி' ஆகியிருக்கும். வைப்புச் சான்றிதழில் பெயரும் இலக்கமும் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். நாளைக்கு நட்டஈடு வாங்க வேண்டி வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். மகன் பெயரில் போட்டால் சட்டப்படி அது மகனுடைய பணம். மகன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும், உங்கள் பெயரில் போட்டு, உங்களுக்குப் பின் அவருக்கு என்று நியமனம் எழுதிவையுங்கள்.

பணம் கேட்டு வருகிற அந்தத் தம்பிமாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லோரும் கள்ளர் இல்லை. வேலையில்லாத பிள்ளை, கொமிஷனுக்காக அலைகிறது. அக்காவிடம் வாங்கிய அந்தத் தம்பி தன் சொந்தத் தாயின் பணத்தையும் அதிலேயே போட்டிருந்தாராம், பிறகு கேள்விப்பட்டேன். கம்பனி பாதுகாப்பானது என்று அவரும் நம்பியிருக்கலாம். அதனால்தான் ஆளைப் பார்த்து முடிவு எடுக்க ஏலாது. நல்ல பிள்ளையா, நமது சொந்தமா, கோயிலுக்கு வருகிறவரா என்று பார்ப்பது வீட்டுச் சீட்டுக்குச் சரி. சீட்டுப் பிடிப்பவர் பக்கத்துக் காம்பராவில்தான் இருக்கிறார், ஓட ஏலாது. கொழும்பில் இருக்கிற முதலாளியை நாம் கண்டதும் இல்லை.

பார்க்க வேண்டியது மத்திய வங்கியின் பட்டியலை. அனுமதி பெற்ற வங்கிகள் எவை, நிதிக் கம்பனிகள் எவை என்று அவர்கள் வெளியிடுகிறார்கள். நிதிக் கம்பனிகள் முப்பதைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆள் சேர்த்தால் காசு என்று சொல்கிற பிரமிட் திட்டங்கள் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. அப்படிப் பிடிபட்டவற்றின் பெயர்களையும் வெளியிடுகிறார்கள். பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், பெரிய கம்பனியின் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்தோ கழித்தோ வைத்திருப்பார்கள். போன் வசதி உள்ளவர்கள் 1935 என்ற இலக்கத்தில் மத்திய வங்கியைக் கேட்கலாம்.

கடனைப் பற்றி, கிழமைக் கட்டைப் பற்றி இன்றைக்கு நான் பேசவில்லை. அது இன்னொரு பெரிய கதை, அதற்கு வேறொரு நாள் கூடுவோம்.

நான் மத்திய வங்கியின் பட்டியலைப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன். ஒன்று தோட்ட ஆபீஸ் வாசலில், ஒன்று இங்கே பிள்ளைக் காம்பராச் சுவரில். பட்டியல் மாறும், அனுமதி இரத்தாகும், அதனால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை புதியதை ஒட்டுவது என் பொறுப்பு. ஒட்டாவிட்டால் பிரட்டுக்களத்தில் வைத்தே என்னைக் கேளுங்கள்.

இந்த வருசம் நம் தோட்டத்தில் பதினொரு பேர் பேர் நிறுத்துகிறார்கள். அதில் மூன்று பேருக்கு வருகிற மாசம் பணம் வர இருக்கிறது. அந்த மூன்று பேரும் கூட்டம் முடிந்ததும் உடனே போய்விடாதீர்கள். தேத்தண்ணி இருக்கிறது, குடித்துவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். ஏற்கனவே யாராவது தாள் கொண்டுவந்து கொடுத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், பட்டியலோடு வைத்து ஒன்றாகவே பார்ப்போம். அக்காவும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.